பாராதைராய்டு ஹார்மோனும் இதயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை முடிவு இப்போதெல்லாம் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே சிங்கப்பூரின் ஹெல்த்ஹப் செயலியில் வந்துவிடுகிறது. அதில் 'பிடிஎச்' (பாராதைராய்டு ஹார்மோன்) என்ற ஒரு வரி வரம்பைத் தாண்டியிருந்தால் உடனே கைப்பேசியில் தேடுகிறோம். இரண்டாவது மூன்றாவது முடிவிலேயே 'இதய நோய்' என்று வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு தூக்கம் ஏது? அப்படிப் பயந்துபோய்ப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

பாராதைராய்டு என்பது தைராய்டுதானே?

இல்லை. பெயரில்தான் ஒட்டு. தைராய்டு சுரப்பிக்குப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, உளுந்து அளவில் பெரும்பாலானவர்களுக்கு நான்கு சுரப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 30 முதல் 40 மில்லிகிராம் எடைதான். இவ்வளவு சிறியவை என்பதால் மனித உடலில் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்ட உறுப்புகளில் இவையும் சேர்ந்தன. லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் குறித்து வைத்தார். மனிதரிடம் இருப்பதை 1880இல் விரிவாக எழுதியவர் ஸ்வீடனின் உப்சாலா நகரில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். உப்சாலா என்ற பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

சரி, இந்த ஹார்மோன் என்ன செய்கிறது?

ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் முழுநேர வேலை. கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும் சுரப்பி அதை உணர்ந்து பிடிஎச்சை விடும். அது சிறுநீரகத்திடம் 'கால்சியத்தை வெளியே விடாதே, பாஸ்பேட்டை வெளியேற்று' என்கிறது. வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறது, அதனால் குடல் உணவிலிருந்து அதிகக் கால்சியத்தை உறிஞ்சுகிறது. அதுவும் போதவில்லை என்றால் எலும்பில் கை வைக்கிறது. வீட்டுச் செலவுக்குப் பணம் பற்றாதபோது நகையை அடகு வைப்பதைப் போலத்தான் இது. ஒரு மாதம் வைத்தால் மீட்டுவிடலாம், வருஷக்கணக்கில் வைத்தால் பெட்டி காலி.

எலும்பு விஷயம் புரிகிறது. இதயம் எங்கே வந்தது?

இதயத் தசை சுருங்கி விரிவதே கால்சியத்தால்தான். அதனால் ரத்தத்தில் கால்சியம் நீண்ட நாள் கூடுதலாக இருந்தால் இதயத்தின் மின்னோட்டம் மாறும். இசிஜியில் கியூடி என்று சொல்லும் இடைவெளி குறுகும், சிலருக்குத் துடிப்பு தாளம் தப்பும். ரத்தக் குழாய்கள் இறுகும். வால்வுகளிலும் குழாய்ச் சுவர்களிலும் சுண்ணாம்பு படியும்.

இது கால்சியத்தின் வழியாக வரும் பாதிப்பு. ஹார்மோனுக்கு நேரடி வழியும் உண்டு. இதயத் தசைச் செல்களிலேயே பிடிஎச்சை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் வருஷக்கணக்கில் அதிகமாக இருக்கும் நோயாளிகளுக்கு இடது கீழறையின் சுவர் தடித்துப்போவதைப் பார்க்கிறார்கள். அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் பிடிஎச் தூண்டுகிறது. அந்த ஆல்டோஸ்டிரோன் உடம்பில் உப்பைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், திரும்பவும் பிடிஎச்சையும் ஏற்றும். ஒன்றை ஒன்று தள்ளிவிடும் சுழல்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1925இல் கொலிப் என்பவர் (இன்சுலினைச் சுத்திகரித்த குழுவில் இருந்தவர்தான்) பாராதைராய்டுச் சாற்றை நாய்களுக்குச் செலுத்தியபோது ரத்த அழுத்தம் இறங்கியது. கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் குழாய்கள் தளர்கின்றன, நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் நேர்மாறு.

அப்படியானால் பிடிஎச் கூடினால் மாரடைப்பு வரும் என்று ஆய்வு சொல்கிறதா?

இந்தக் கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அதே உப்சாலாவில், சராசரி 71 வயதுடைய 958 ஆண்களைக் கிட்டத்தட்ட 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஆரம்பத்தில் பிடிஎச் அதிகமாக இருந்தவர்கள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறப்பது கூடுதலாக இருந்தது. ஹார்மோன் அளவு 'நார்மல்' வரம்புக்குள் இருந்தவர்களிடமும் இந்தப் போக்கு தெரிந்தது. அதற்குப் பிறகு வேறு இடங்களிலும் இதை ஒட்டிய முடிவுகள் வந்தன.

ஆனால் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதற்கும், ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறது என்பதற்கும் நிறைய தூரம் உண்டு. சிறுநீரகம் மெல்லப் பழுதாகிறவருக்குப் பிடிஎச் ஏறும், இதயமும் பாதிக்கப்படும். உடல் பருமன், முதுமை, வெயிலில் நடமாடாத வாழ்க்கை ஆகிய மூன்றுமே இரண்டையும் ஏற்றிவிடும். ஹார்மோனைக் குறைத்தால் இதயம் பிழைக்கிறதா என்று பார்த்த சோதனைகள்தான் முடிவைச் சொல்லும். அவை பெரிய நம்பிக்கை தரவில்லை, கீழே வருகிறேன். என் கணிப்பு இது: சிறுநீரகம் கெட்டவர்களிடமும், சுரப்பியிலேயே கட்டி இருப்பவர்களிடமும் பிடிஎச் குற்றவாளிகளில் ஒன்று. மற்ற பெரும்பாலானவர்களிடம் அது தகவல் கொண்டுவந்த ஆள் மட்டுமே. அந்த ஆளைப் பிடித்து அடிப்பதை விட்டுவிட்டு அனுப்பியது யார் என்று தேடுவதே உருப்படியான வேலை.

சென்னையில் எடுத்த ரிப்போர்ட்டில் பிடிஎச் 62. இங்கே வரம்பு 6.9 என்று போட்டிருக்கிறது. பத்து மடங்கா?

பதறாதீர்கள், அலகு வேறு. இந்தியாவில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை பிகோகிராம் என்று தருவார்கள். இங்குள்ள ஆய்வகங்கள் பெரும்பாலும் லிட்டருக்கு எத்தனை பிகோமோல் என்று தரும். அங்கத்திய எண்ணை 9.4ஆல் வகுத்தால் இங்கத்திய எண். 62 என்பது சுமார் 6.6, வரம்புக்குள்தான் இருக்கிறது. கால்சியத்துக்கும் இதே குழப்பம் உண்டு. அங்கே டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றால் இங்கே லிட்டருக்கு 2.5 மில்லிமோல், அதாவது 4ஆல் வகுக்க வேண்டும். அம்மா அப்பாவை ஊரிலிருந்து அழைத்து வந்து இங்கே டாக்டரிடம் காட்டும்போது எண்ணை மட்டும் வாயால் சொல்லாமல் தாளையே நீட்டுங்கள்.

கால்சியம் சரியாக இருக்கிறது, பிடிஎச் மட்டும் கூடுதல். ஏன்?

அடிக்கடி காணும் காரணம் வைட்டமின் டி பற்றாக்குறை. வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற சிங்கப்பூரிலா என்று கேட்பீர்கள். நம் நாளை நினைத்துப் பாருங்கள்: வீவக புளோக்கிலிருந்து கூரை போட்ட நடைபாதை, அங்கிருந்து எம்ஆர்டி, அங்கிருந்து ஏர்கான் அலுவலகம். திரும்பும்போது இருட்டிவிடும். கண்ணாடி வழியாக வரும் வெயில் வைட்டமின் டியை உண்டாக்காது. கருத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி உண்டாக இன்னும் அதிக நேரம் வெயில் வேண்டும். இங்குள்ள சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் வைட்டமின் டி குறைவு அதிகம் காணப்படுகிறது.

அடுத்த காரணம் சிறுநீரகம். சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் எண் 60க்குக் கீழே இறங்கத் தொடங்கியதுமே பிடிஎச் மெல்ல ஏறலாம், கால்சியம் அப்போதும் சாதாரணமாகவே இருக்கும். பாலும் இல்லை, கீரையும் இல்லை, சின்ன மீனும் இல்லை என்று கால்சியமே உள்ளே போகாதவர்களுக்கும் ஏறும். மனநலத்துக்காக லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஏறலாம்.

வைட்டமின் டி மாத்திரை போட்டால் பிடிஎச் இறங்கும். இதயமும் காப்பாற்றப்படுமா?

பிடிஎச் இறங்கும், எலும்புக்கும் நல்லது. இதயத்துக்குப் பலன் உண்டா என்று அமெரிக்காவில் வைட்டல் என்ற பெரிய சோதனை நடந்தது. 25,871 பேர், தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி அல்லது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, ஐந்து ஆண்டுக்கும் மேல். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எதுவும் குறையவில்லை. குறைவு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள். இதய மருந்து என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம். தேக்கா பக்கம் வாங்கிய பெரிய டப்பாவிலிருந்து தினம் இரண்டு மூன்று விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறினால் கால்சியம் ஏறி அதுவே இதயத்தைத் தொந்தரவு செய்யும்.

கால்சியமும் கூடுதல், பிடிஎச்சும் கூடுதல் என்றால்?

அப்போது சுரப்பியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கில் ஒன்று வீங்கி, தேவையில்லாமல் ஹார்மோனைக் கொட்டிக்கொண்டிருக்கும். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இது ஒரே ஒரு சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் மிக அரிது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். சிறுநீரகக் கல், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், சோர்வு, மன வாட்டம் என்று வரலாம். எதுவுமே தெரியாமல் பரிசோதனையில் தற்செயலாகப் பிடிபடுவதும் சகஜம். 'வயசாகிவிட்டது, அசதியாகத்தான் இருக்கும்' என்று அக்காமார்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவது இதில்தான்.

இவர்களுக்கு உயர் ரத்த அழுத்தமும் இதயச் சுவர் தடிப்பும் மற்றவர்களைவிட அதிகம். நோய் கடுமையாக இருந்தால் இதய நோயால் இறப்பதும் கூடுதல்.

ஆபரேஷன் செய்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

அந்த நம்பிக்கையில் ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். சிலருக்கு இதயச் சுவரின் தடிப்பு குறைகிறது, ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் இதய நோயை மட்டும் காரணம் காட்டி அறுவை செய்யச் சொல்லி வழிகாட்டுதல் இல்லை. வயது 50க்குக் கீழ், கால்சியம் உச்ச வரம்பைவிட 0.25 மில்லிமோலுக்கு மேல் கூடுதல், எலும்புத் தேய்மானம் அல்லது முதுகெலும்பு முறிவு, சிறுநீரகக் கல், இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். தொந்தரவு தெளிவாக இருப்பவர்களுக்கும் அப்படியே.

அறுவை சிகிச்சை பற்றி எனக்குப் பிடித்த ஒரு விவரம். எந்தச் சுரப்பி கெட்டது என்று கண்டுபிடிக்கச் செஸ்டமிபி என்ற கதிரியக்க மருந்தை ஏற்றிப் படம் எடுப்பார்கள். அந்த மருந்து முதலில் உருவானதே இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்கத்தான். கெட்ட பாராதைராய்டும் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னொன்று: பிடிஎச் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தங்காது. அதனால் கட்டியை எடுத்த 10 நிமிடத்தில், நோயாளி மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் சரியான சுரப்பியைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து தையல் போடுவார்கள்.

கால்சியம் கூடுதல் என்றால் பாலை நிறுத்திவிட வேண்டும்தானே?

இல்லை. உணவில் கால்சியத்தை அறவே குறைத்தால் பிடிஎச் இன்னும் ஏறி எலும்பைத்தான் பிடுங்கும். வழக்கமான அளவு சாப்பிடலாம். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், இங்குள்ள புழுக்கத்தில் கூடுதலாகவே. இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். அவருடைய பிடிஎச் 40 பிகோமோல். நர்ஸ் 'பரவாயில்லை' என்கிறார். எப்படிப் பரவாயில்லை?

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வரம்பு வேறு. சாதாரண உச்ச வரம்பைப் போல் 2 முதல் 9 மடங்கு வரை ஏற்கலாம் என்பது உலகளாவிய வழிகாட்டுதல். 6.9ஐ உச்சமாக வைத்தால் 14லிருந்து 62 வரை. ஒரே ஒரு எண்ணைவிட, மாதத்துக்கு மாதம் அது ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நீரிழிவால் சிறுநீரகம் செயலிழப்பது உலகிலேயே அதிகமுள்ள இடங்களில் இதுவும் ஒன்று. 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் 'போர்' என்றே அறிவித்தது. சிறுநீரகம் நின்றால் பாஸ்பேட் வெளியே போகாது, வைட்டமின் டி செயல் வடிவத்துக்கு மாறாது, கால்சியம் இறங்கும். மூன்றும் சேர்ந்து சுரப்பிகளை ஓயாமல் விரட்டும். தேங்கிய பாஸ்பேட்டும் கால்சியமும் ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து கெட்டியாகும், இதயம் அந்த விறைத்த குழாய்களுக்குள் தள்ளித் தள்ளித் தடித்துப்போகும். டயாலிசிஸ் நோயாளிகளை அதிகம் கொல்வது இதய நோய்தான்.

அப்போது மாத்திரை போட்டுப் பிடிஎச்சை இறக்கினால் இதயம் தப்பிக்குமா என்று 2012இல் வெளியான எவால்வ் சோதனை பார்த்தது. டயாலிசிஸில் இருந்த 3,883 பேருக்கு சினாகால்செட் அல்லது வெறும் மாத்திரை. ஹார்மோன் இறங்கியது. மரணமும் மாரடைப்பும் நம்பும்படியாகக் குறையவில்லை. அந்த மாத்திரைக்கு இன்னும் இடம் உண்டு, ஆனால் அதையே நம்பிப் பாஸ்பேட்டை விட்டுவிடக் கூடாது.

பாஸ்பேட்டைக் குறைக்க எதைச் சாப்பிடக் கூடாது? பருப்பை நிறுத்தச் சொல்கிறார்கள்.

பருப்பைவிட முதலில் பதப்படுத்திய உணவைப் பாருங்கள். தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் பாஸ்பேட்டில் பாதிக்கு மேல் குடல் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுதும் உள்ளே போய்விடும். மீன் உருண்டை, சாசேஜ், ஹாம், பாலாடைக் கட்டித் துண்டு, கறுப்புக் கோலா, உடனடி மீ. உணவங்காடியில் ஒரு கிண்ணம் மீன் உருண்டை மீ சாப்பிட்டு கோலா குடித்துவிட்டு, வீட்டில் சாம்பாரைப் பழி சொல்வது நியாயமில்லை. தே தாரேயில் விழும் கெட்டிப்பாலிலும் பாஸ்பேட் உண்டு, பால் சேர்க்காத தே ஓ பரவாயில்லை. பருப்பின் அளவை உங்கள் உணவியல் நிபுணரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அதில் பொட்டாசியம் கணக்கும் இருக்கிறது.

பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. கல்யாண விருந்துக்குப் போகும்போது சட்டைப் பையில் இரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணி மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் இரண்டு திசையில். சிறுநீரைக் கூட்டும் இந்த மாத்திரைகளில் ஃப்ரூசமைடு கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும், அதனால் பிடிஎச் ஏறலாம். இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இதைப் பார்க்கலாம். ஹைட்ரோகுளோரோதையசைடு நேர்மாறாகக் கால்சியத்தைத் தேக்கும், மறைந்திருந்த சுரப்பிக் கோளாற்றை வெளியே காட்டிக்கொடுக்கவும் செய்யும். டிகாக்ஸின் என்ற இதய மருந்து எடுப்பவர்களுக்குக் கால்சியம் மாற்றங்கள் ஆபத்து, கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கால்சியம் மாத்திரை மாரடைப்பைத் தரும் என்கிறார்களே?

2010இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, கால்சியம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல் என்றார்கள். பிறகு வந்த தொகுப்புகள் சில ஒத்துப்போயின, சில மறுத்தன. சண்டை முடியவில்லை. உணவில் வரும் கால்சியத்தின் மேல் அந்தப் புகார் இல்லை. ஆகவே கேழ்வரகு, தயிர், நெத்திலி, தௌகுவா (கெட்டியான சோயாக் கட்டி) முதலில், மாத்திரை தேவைப்பட்டால் மட்டும்.

எலும்புத் தேய்வுக்கு அம்மா போட்டுக்கொள்ளும் டெரிபாரடைடு ஊசியே பிடிஎச்தானாமே?

அதன் ஒரு துண்டு. முழு ஹார்மோனில் 84 அமினோ அமிலங்கள், ஊசியில் முதல் 34. தினம் ஒரு முறை ஏறி உடனே இறங்குவதால் எலும்பைக் கட்டுகிறது, கரைப்பதில்லை. இதய நோயைக் கொண்டுவருவதாகச் சான்று இல்லை. போட்டதும் சிலருக்குத் தலை சுற்றும், உட்கார்ந்துகொண்டு போடச் சொல்லுங்கள்.

பிடிஎச் குறைந்தாலும் இதயத்துக்குக் கெடுதலா?

ஆம். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு இது நடக்கலாம். கால்சியம் இறங்கி உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, கை இழுத்துப் பிடிப்பது என்று தொடங்கும். இசிஜியில் கியூடி நீளும், கவனிக்காமல் விட்டால் இதயமே பலவீனமாகும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் சில நாட்களில் மரமரப்பு வந்தால் 'ரத்த ஓட்டம் இல்லை' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இதயம் எப்படி இருக்கிறது என்று அறிய நான் போய்ப் பிடிஎச் சோதனை கேட்கலாமா?

தேவையில்லை. இங்குள்ள இந்தியர்களுக்கு மாரடைப்பு வரும் விகிதம் சீனர்களைவிட அதிகம், அதில் பெரும்பங்கு சர்க்கரை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், புகை ஆகியவற்றுடையது. ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்து அந்த நான்கையும் பார்த்துவிட்டீர்களா? எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 4 மில்லிமோலுக்கு மேல் இருக்கும்போது பிடிஎச்சைப் பற்றிக் கவலைப்படுவது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் தேடுகிற கதை. கால்சியம் கூடுதலாக வந்தவர்கள், சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்குத்தான் இந்தச் சோதனை.

சோதனைக்குப் போகும் முன் ஏதாவது கவனிக்க வேண்டுமா? யாரிடம் போவது?

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது சில இயந்திரங்களில் பிடிஎச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் எடுப்பவரிடம் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். கால்சியம், ஆல்புமின், கிரியாட்டினின், வைட்டமின் டி ஆகியவையும் கூடவே எடுக்கப்பட்டால்தான் பிடிஎச் எண்ணுக்குப் பொருள் உண்டு.

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரையோ பாலிகிளினிக்கையோ பாருங்கள். தேவைப்பட்டால் உட்சுரப்பியல் நிபுணரிடம் அனுப்புவார்கள். பாலிகிளினிக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உதவித்தொகை விலை கிடைக்கும். நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், திடீர் மயக்கம் என்றால் கடிதமும் வேண்டாம், கிராப் டாக்சியும் வேண்டாம், நேரே ஆம்புலன்ஸுக்கு 995.